வெறும் நாண்

“ஒரு அம்புகூடவா இல்லாமப் போச்சு?” என்று முனகியபடி பழைய வில் வியாபாரி இழுப்பறைகளைக் கொட்டிக் கவிழ்த்தார். மேஜையோரத்து இரும்புப் பிடியில் இறுக்கியிருந்த வில்லின் நாண், யாரும் தொடாமலே, அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கையால் பிடித்துப் பார்த்தார்; நிற்கவில்லை.

ஏன் என்று யோசிக்க நேரமில்லை. நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த பழைய ரிகர்வ் வில் அது. ஒரு கீறல் கிடையாது. அம்பில்லாமல் நாண் விடுபட்டால் அந்த வேகத்தை மரமே வாங்கிச் சுக்குநூறாகிவிடும்.

“வில்லை விக்க வந்தேனா, உன் வித்தையைப் பாக்க வந்தேனா?” என்றாள் எதிர் நாற்காலியில் இருந்த அவருடைய அக்கா. கண்கள் செல்போனில் இருந்தன.

கடைசி இழுப்பறையில் ஓர் அம்பு அகப்பட்டது. அதை நாணில் பொருத்திய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“தப்பிச்சுதுக்கா. அத்தான் உசிரா வச்சிருந்த வில்லாச்சே.”

அக்கா நிமிர்ந்தாள். அம்பின் முனை அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவள் எழவில்லை.

“சாகறதுக்கு முன்னாடி உங்க அத்தான் இதே மாதிரி எனக்கு நேரா நாணை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, அம்பு எங்கடின்னு கேட்டார்டா,” என்றாள். “அத்தனையையும் நான் அடுப்புல போட்டிருந்தேன்.”