சன்னல் சாத்திய அடுப்படி

"சூட்சுமத்தச் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ, மாரீஸ்வரி?"

வாசலில் பக்கத்து வீட்டுப் பவுனுவின் குரல். அடுப்படிக்குள் அவள் புருஷன் வேல்பாண்டிக்குப் பகீரென்றது. கரண்டு அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அவன் கையிலோ பூரிக்கட்டை. சன்னலை ஏற்கெனவே சாத்தியாயிற்று. இப்போது கதவையும் மெல்ல ஒருக்களித்தான்.

பழனிசெட்டிபட்டிக்குக் குடிவந்து ஆறு மாதம். கேஸ் இணைப்பு இன்னும் வந்தபாடில்லை. மாரீஸ்வரி குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். சப்பாத்தி மட்டும் அவள் கைக்குச் சரிப்படவில்லை. கோயம்புத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது இதே மாதிரி அடுப்பில் சுட்டுப் பழகியவன் வேல்பாண்டி. அதனால் சப்பாத்தி அவன் பொறுப்பு. ஆனால் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். பவுனுவின் புருஷன் சுருளியாண்டி இருக்கிறாரே, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படிக்குள் நுழைகிற ஆம்பளையை வாய்கூசாமல் பேசுகிறவர். அவர் காதுக்குப் போனால் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியுமா?

வினை எங்கே வந்ததென்றால், போன வாரம் மாரீஸ்வரி பவுனுவுக்கு இரண்டு சப்பாத்தி கொடுத்தாள். அன்றிலிருந்து அந்தம்மா விடவில்லை. சர்க்கரைக்கு ராத்திரியில் சப்பாத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர்கள் வீட்டுக் கரண்டு அடுப்பில் அது அப்பளமாக வருகிறதாம், கடிக்கவே முடியவில்லையாம். மாரீஸ்வரியும் பாவம், மாவை நன்றாகப் பிசைய வேண்டும் என்று மென்று முழுங்கிப் பார்த்தாள்.

"அது ஊருக்கே தெரியும். ஒனக்குச் சொல்ல மனசு இல்ல. நம்பி வந்தேன் பாரு, என்னையச் சொல்லணும். இனிமே ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மாரீஸ்வரி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. புருஷன் மானத்தைக் காப்பாற்றப் போய்க் கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். வேல்பாண்டிக்குச் சீ என்றாகிவிட்டது. சப்பாத்தி சுடுவதா வெட்கக்கேடு? பெண்டாட்டியை முன்னால் நிறுத்திவிட்டு இங்கே ஒளிந்துகிடப்பதுதான் வெட்கக்கேடு.

மாவுக் கையோடு வெளியே வந்தான்.

"மதினி, அவள ஏசாதீக. சுடுறது நாந்தான்," என்றான், தரையைப் பார்த்தபடி. "வெந்நி ஊத்திப் பிசையணும். கல்லு நல்லாக் காயட்டும். போட்டதும் சட்டுச்சட்டுனு திருப்பி, துணிய வச்சு அமுக்கணும். ரொம்ப நேரம் கெடந்தா வெறச்சுப் போகும்."

காது மடலெல்லாம் சுட்டது. பவுனு சிரிக்கப் போகிறாள், நாளைக்கு டீக்கடையே சிரிக்கப் போகிறது என்று நின்றான்.

அவள் சிரிக்கவில்லை. தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கேட்டுட்டு வா, கேட்டுட்டு வானு தெனமும் என்னைய வெரட்டுறீகளே, இங்கனயும் சுடுறது தம்பிதானாம். அடுப்ப அமத்திட்டு நீங்களே வந்து கேட்டுக்கங்க."