கரும்பலகையில் முளைத்த வால்

சண்டையில் வாலைப் பறிகொடுத்த பல்லி, வெளியே தலைகாட்ட வெட்கி, பிரெஞ்சு வகுப்பின் சுவரில் ஒண்டியிருந்தது. ஆசிரியர் ‘பேசு’ என்னும் பொருளுடைய ‘பார்லே’யை எழுதி, பிரெஞ்சு எழுத்தில் அதன் வாலாக நின்ற கடைசி இரண்டெழுத்தை அழித்து, நான், நீ, அவன் என ஆளுக்கேற்ற விகுதியை ஒட்டினார். பல்லிக்கு உயிர் வந்தது.

“எனக்கு அந்த ‘நான்’ வால்தான் முளைக்க வேண்டும்,” என்றது பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த சிலந்தியிடம்.

“நன்றாகப் பாருங்கள், அண்ணே. நானுக்கும் அவனுக்கும் ஒரே வால்தான் ஒட்டியிருக்கிறார்.”

பல்லி குழம்பியது. “என் வாலைக் கடித்த எதிர்ச்சுவர்க்காரனுக்கும் எனக்கும் ஒரே வாலா? அப்படியானால் நான் யார், அவன் யார்?”

“அங்கே போய்க் கேட்டால், நீங்கள்தான் ‘அவன்’.”

பல்லி எதிர்ச்சுவரைப் பார்த்தது. அங்கே சண்டை போட்ட அந்தப் பல்லியும் வாலறுந்து, கரும்பலகையையே பார்த்துக் காத்திருந்தது.