பழைய பெட்டி விழுங்கிய சத்தம்

அண்ணன் மூச்சை இழுத்தார். மிக அருகில், காதோடு கேட்டது. அடுத்த மூச்சு வரப் பிந்தியது. கிறகோரி கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார்.

பிறகு ஸ்பீக்கரில் அண்ணன் பாடத் தொடங்கினார்.

“கேட்டியே சுபாஸ்? மூச்செடுக்கிறது கூடக் கேக்குது!”

மானிப்பாயில் ரேடியோ, டீவி திருத்துகிற சுபாஸ் குருநகர்வரை வந்ததே இதற்காகத்தான். பழைய சீடியில் கிடந்த பாட்டைப் போனுக்கு மாற்றி, தீப்பெட்டி அளவான ஒரு கறுப்புப் பெட்டி வழியாக அம்பிளிபயருக்குக் கொடுத்திருந்தான்.

“சீடியிலை எல்லாம் கிடந்தது அண்ணை. உங்கடை பழைய பிளேயர்தான் விழுங்கிப்போட்டுது.” கறுப்புப் பெட்டியை விரலால் தட்டினான். “இது விழுங்காது. சத்தம் ஸ்பீக்கரிலையும் நிக்காது, சுவரே இல்லாத மாதிரி வெளியாலை போகும். ஆர் பாடுறது?”

“என்ரை தமையன், எமிலியான். பெரிய வெள்ளிக்கு எங்கடை கோயிலிலை பாடேக்கை பதிஞ்சது.”

குடையும் கையுமாய் மனைவி மேர்சி வாசலில் நின்றாள். “பாட்டிலை கேட்டது காணும். அந்த மனுசன் அடுத்த ஒழுங்கையிலை கிடக்குது. சுவாமியார் அவஸ்தை எண்ணெயும் பூசி, கடைசிச் செபமும் சொல்லிப்போட்டுப் போட்டார். கண் முழிக்கிற நேரமெல்லாம் உங்களைத்தான் கேக்குது.”

“வாறன் எண்டனான்தானே.”

“வள்ளத்தை வித்த நாளிலை இருந்து உந்த ‘வாறனை’த்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

சுபாஸ் ஸ்குறூட்ரைவரைப் பொறுக்கிக்கொண்டு நழுவினான். மேர்சி படலையை அடித்துச் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பப் போனாள்.

அப்பரின் வள்ளத்தை அண்ணன் தன்னைக் கேளாமல் விற்றதில் முறிந்த உறவு. அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பூசைக்கு வந்தால் ஆளுக்கொரு மூலை வாங்கில் இருப்பார்கள். இன்றைக்குப் போகலாம். போய் என்ன கதைப்பது? எலும்பாய்ப் போன அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

இந்த நீண்ட பாட்டு முடியட்டும் என்று நினைத்தார்.

வெக்கைக்கு யன்னலைத் திறந்துவிட்டு வந்து இருந்தார். அண்ணனின் குரல் அறைக்குள் நடந்து வந்தது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. அடியைத் திருப்பி எடுத்துப் பாடுகிற கூட்டத்தில் தன் குரலையும் அவர் கண்டுபிடித்தார். அண்ணனுக்கு ஒட்டினாற்போல் அது நின்றது.

கடைசி அடிகளில்தான் அதைக் கவனித்தார். பாட்டுக்கு வெகு பின்னால், இடப்பக்க ஸ்பீக்கருக்கும் அப்பால், மணி. ஒன்று. நீண்ட இடைவெளி. பிறகு இன்னொன்று. அண்ணன் அந்த மணிக்குக் காத்து நின்று பாடுவது போலிருந்தது.

எத்தனை வருடம் கேட்ட சீடி. இந்த மணியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சுபாஸ் சொன்னது சரிதான், சுவர் இல்லாமல் போயிருந்தது.

பாட்டும் மணியும் ஒன்றாய் ஓய்ந்தன.

கிறகோரி எழுந்தார். போய் என்ன கதைப்பது என்று இனி யோசிக்கத் தேவையில்லை. ஒன்றும் கதைக்க வேண்டாம். இதை அண்ணனின் காதில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும். வயர்களைக் கழற்றி, போனையும் கறுப்புப் பெட்டியையும் துவாயில் சுற்றினார். அலுமாரிக்குள் கிடந்த ஹெட்போனைத் தேடி எடுத்தார். நல்ல சேட் ஒன்றைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

படலை திறந்த சத்தம் கேட்டது. மேர்சி செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

“இஞ்சை பார், நான் வெளிக்கிட்டுட்டன்!” என்றார் அவர். “இதை அண்ணைக்குப் போட்டுக் காட்டப்போறன். அண்டைக்கு அவர் பாடேக்கை கோயில் மணியும் சேர்ந்து பதிஞ்சிருக்கு மேர்சி. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேக்குது.”

மேர்சி அவர் கையிலிருந்த துவாயைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரிய வெள்ளியிலை கோயில் மணி அடிக்கிறேல்லையப்பா,” என்றாள். “அது இப்ப அவருக்கு அடிச்ச துக்க மணி.”