மஞ்சள் டீம் தேறுமா?

"மஞ்சள் சட்டைக்காரங்க நேத்து மூணு கோல் வாங்கிட்டாங்க. அதனால அவங்களுக்கு மூணு பாயின்ட். இந்தக் குரூப்புல அவங்கதான் ஃபர்ஸ்ட்டு!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த டீச்சரின் காதில் விழுந்தது இதுதான். பேசியது தம்பியின் மனைவி. கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது தம்பி.

தம்பி முப்பது வருடம் கால்பந்து ரெஃப்ரி. ஒரு விசிலை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேரை ஆட்டி வைத்தவர். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. கை, கால் கொஞ்சம் தேறிவிட்டது. பேச்சு மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. இப்படியே விட்டால் நாள் போகப் போகக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டீச்சர் அவருக்கு அக்கா. கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் தப்பாக ஒரு புள்ளிகூட வைத்ததில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். இன்று மனசு கேட்காமல் வியாழனே வந்துவிட்டார்.

ரெஃப்ரியின் முகம் சிவந்தது. "இ... இல்ல..."

"என்ன இல்ல? மூணு கோல், மூணு பாயின்ட். சரியாத்தானே இருக்கு?"

"மு... மு..."

"முட்டைன்னு சொல்ல வர்றான்!" டீச்சர் ஓடிப் போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தோத்தவனுக்கு ஏது பாயின்ட்? விடுடா, நீ சிரமப்படாதே. அதான் அக்கா சொல்லிட்டேன்ல?"

ரெஃப்ரி வாயை மூடிக்கொண்டார்.

மனைவி விடுவதாக இல்லை. சுவரில் ஒட்டியிருந்த போட்டி அட்டவணையைக் காட்டினாள். "சரி, சிவப்பு டீம் கோல்கீப்பரை வெளியே அனுப்பிட்டாங்களே. அடுத்த மேட்சை அவங்க கோல்கீப்பர் இல்லாமலே ஆடணும். பாவம், ஒரு கோல்கூடத் தடுக்க முடியாது."

ரெஃப்ரி இடது கையால் மெத்தையில் ஓங்கி அடித்தார். "வே... வே..."

"வேற ஆள் வருவான்!" என்று முடித்து வைத்தார் டீச்சர். முடித்த கையோடு தம்பி மனைவியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கு மனசாட்சி இருக்கா? படுத்துக் கிடக்கிறவனை இப்படியா வெறுப்பேத்துவே? பிரஷர் எகிறினா யார் பதில் சொல்றது?"

"ரெண்டு வேளையும் பிரஷர் பாக்கறேன் அண்ணி. டாக்டரைக் கேட்டுட்டுத்தான்..."

"என்னத்தைக் கேட்டே? ஒரு ரெஃப்ரியோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, தோத்தா எத்தனை பாயின்ட்னுகூடத் தெரியலை. தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டு இரேன்."

அவள் ஃபிரிட்ஜ் மேலிருந்த நோட்டை எடுத்துப் பிரித்து நீட்டினாள்.

பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் நாலு டீம், மொத்தம் ஆறு மேட்ச், யாருக்கு எத்தனை பாயின்ட், கோல் வித்தியாசம் எவ்வளவு, மஞ்சள் டீம் அடுத்த ரெண்டு மேட்சையும் ஜெயித்தால் தேற வழி உண்டா என்பது வரை எழுதியிருந்தது. டீச்சரின் கண் பழக்க தோஷத்தில் தப்பைத் தேடியது. ஒன்றுகூட இல்லை.

வலது பக்கம் மேலே, 'அவர்கிட்ட சொல்ல வேண்டியது' என்று தலைப்பு. அதன் கீழே:

மூணு கோல் வாங்கினா மூணு பாயின்ட்.

கோல்கீப்பர் இல்லாம ஆடணும்.

கார்னர் கிக்கைக் கையால போடணும். ('தப்பு' - செவ்வாய். 'மக்கு' - புதன், ரெண்டு தடவை.)

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன மாசம் ஒரு பழைய மேட்ச் ஓடிட்டிருந்தது அண்ணி. தெரியாம ஆஃப்சைடைத் தப்பாச் சொல்லிட்டேன். தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையை மட்டும் ஆட்டினவர், அன்னிக்குத் தெளிவா 'தப்பு'ன்னார். அப்புறம்தான் எல்லாத்தையும் உட்கார்ந்து படிச்சேன். தப்பாச் சொல்லணும்னா சரி எதுன்னு தெரியணுமே."

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க இன்னொண்ணும் சொன்னாங்க. வார்த்தை வர லேட்டானா காத்திருக்கணுமாம். நாம முடிச்சு வைக்கக் கூடாதாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

டீச்சருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பாசம் என்று நினைத்துத் தம்பியின் வாயிலிருந்து எத்தனை வார்த்தைகளைப் பிடுங்கியிருக்கிறோம்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"தம்பி, மஞ்சள் டீம் தேறுமான்னு நான் கணக்குப் போட்டுட்டேன்டா. குரூப்புல நாலு டீம். ஆளுக்கு மூணு மேட்ச். நாலு மூணு பன்னண்டு. ஆக மொத்தம் பன்னண்டு மேட்ச் இருக்கு. அவங்களுக்கு நிறைய சான்ஸ்."

ரெஃப்ரி அக்காவை நம்ப முடியாமல் பார்த்தார்.

"ஆ..."

டீச்சரின் வாய் தானாகத் திறந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை.

"ஆ... ஆறு."

"ஆறா? அதெப்படி? நாலு மூணு பன்னண்டுதானே? எனக்கா கணக்குச் சொல்லித் தர்றே?"

ரெஃப்ரி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து முதல் முழு வாக்கியம் வந்தது.

"அக்கா... நீயெல்லாம்... ஒரு... கணக்கு டீச்சரா?"