ஏழு பேர் உட்காரும் வேன்

அடுத்த வீட்டு ஏகாம்பரம் சார் தினமும் சாயங்காலம் வண்டி ஓட்டிப் பார்க்கிறார், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஊரில். அங்கே எந்த வண்டியையும் பத்து நிமிஷம் சும்மா ஓட்டலாம்; நேரம் முடிந்தால் வண்டி மறைந்துவிடும். எங்கெங்கிருந்தோ அங்கே விளையாட வருகிற எல்லாரும் ரேஸ் கார் எடுக்க, தனிக்கட்டையான இவர் மட்டும் ஏழு பேர் உட்காரும் வேனைத்தான் எடுப்பார். ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நிறுத்தி, “யாராவது வர்றீங்களா?” என்று டைப் அடிப்பார். அந்த ஊரில் இறக்கை கட்டிப் பறக்கிறவர்கள் எதற்கு வேனில் ஏறப்போகிறார்கள்?

நேற்று குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். நீலத் தலைமுடிப் பெண் ஒருத்தி பின் சீட்டில் ஏறியிருந்தாள். “பெல்ட் போட்டுக்கம்மா” என்கிறார் சார், வாய்விட்டு.

“டைப் அடிங்க சார், அவளுக்குக் கேக்காது.”

மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டே போனவர், கடைசியில் ஒற்றை விரலால் அடித்தார்: “எங்கேம்மா இறங்கணும்?”

திரையின் மூலையில் இருபது நொடி, பத்தொன்பது. அவள் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் துள்ளின, ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். வண்டி நின்றால் கடிகாரமும் நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சார் ஓரங்கட்டி, பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.