பானெட் சூடு

“உன்னை நம்பி இன்ஜினை மாத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றார் அப்துல் பாரி, தெருவுக்கே கேட்கும்படி.

தின்கன்ஜூன் பேட்டையில் அவர் வீட்டு வாசலில் அவருடைய டாக்ஸி நின்றது. அந்தப் பழைய காரில், ஜப்பானில் கழற்றிய இன்ஜினைப் பொருத்திக் கொடுத்தவர் மெக்கானிக் செபாஸ்டியன்.

“கேலனுக்கு முப்பது மைல் கொடுத்த வண்டி. இப்ப இருபத்தஞ்சைத் தாண்டல. கிடைக்கிற பெட்ரோல் ரேஷனே ரெண்டு கேலன். இனிமே ஒருத்தனையும் உன் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பமாட்டேன்.”

“பாய், முதல்ல பார்த்துடுவோம்.”

இன்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாயிலிருந்த ஆக்ஸிஜன் சென்சாரின் வயரை மீட்டரில் மாட்டினார் செபாஸ்டியன். எண்கள் ஏறி இறங்கின.

“இப்படிக் குதிச்சுக்கிட்டே இருந்தா பெட்ரோல் அளவா எரியுதுன்னு அர்த்தம். ஒரே இடத்துல நின்னாத்தான் சென்சார் செத்துப் போச்சு.”

“அப்ப பெட்ரோல் எங்க போகுது?”

இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. கார் நகராமல் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமிய இன்ஜினில்தான் அப்படிக் கரி பிடிக்கும்.

பக்கத்து வீட்டிலிருந்து ஏதோ ரீங்காரம் கேட்டது.

“அது என்ன சத்தம்?”

டீ கொண்டுவந்த பாரியின் மனைவி ஹாஜரா சொன்னாள்: “சைமன் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப் போச்சு. ஆக்ஸிஜன் மெஷின்லதான் மூச்சு.”

“அந்த வீட்டுப் பேச்சு இங்க எதுக்கு?” என்று வெட்டினார் பாரி. நடுச்சுவர் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம்.

“சாயங்காலமானா கரண்ட் போயிடுதே. அப்ப மெஷின்?” என்று கேட்டார் செபாஸ்டியன்.

ஹாஜராவின் கண் கார் பக்கம் போய்த் திரும்பியது. டீயை அவசரமாக நீட்டினாள்.

கார் பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியை அப்போதுதான் பார்த்தார் செபாஸ்டியன். அதன் அடியில் இன்வர்ட்டரின் மூலை தெரிந்தது. அதிலிருந்து கிளம்பிய கறுப்பு வயர் துணிக்கொடியோடு கொடியாகச் சுவரைத் தாண்டியது. கார் பேட்டரியின் முனைகளில் கிளிப் கடித்த தடம்.

பிளக்கைச் சட்டென்று துடைத்தார்.

“சென்சார்தான் போச்சு பாய். என் தப்பு. மாத்திக் கொடுத்துடறேன்.”

“அதை முதல்லயே ஒத்துக்கிட்டா என்ன?”

ஹாஜரா செபாஸ்டியனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தெருமுனை வரை கூடவே வந்த பாரி குரலைத் தாழ்த்தினார். “சென்சாரை மாத்தாத. எண் குதிச்சதை நானும் பார்த்தேன்.”

செபாஸ்டியன் நின்றார்.

“தினம் நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடுது. நடுவுல சூடேறி நின்னுடாதே? நின்னா அந்த மனுஷன் மூச்சு என்னாகும்? அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

“அப்ப எதுக்குப் பாய் தெருவுக்கே கேக்கத் திட்டினீங்க?”

“அவ காதுல விழணுமே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நிறுத்திடுவா.”

“சைமன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடலாமே?”

“அவன்கூட என்ன பேச்சு? சுவர் விவகாரம் தீரட்டும்” என்றார் பாரி விறைப்பாக. பிறகு சொன்னார்:

“முன்னெல்லாம் சாயங்காலம் மஃரிப் தொழுததும் வீட்டுக்கு வந்துடுவேன். இப்ப காரை வாசல்ல நிறுத்திட்டுப் போய், கரண்ட் வந்தப்புறம்தான் பள்ளிவாசலை விட்டுக் கிளம்பறேன். வர்றப்ப பானெட்டுல கை வைக்கிறதில்ல.”