நாலு மணிக் களவு

“உது களவு! பச்சைக் களவு!” தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் ணங்கென்று வைத்தாள் உதயகலா.

குகதாசன் ஒரு கையால் மனைவியை அடக்கிவிட்டுப் போனில் தொடர்ந்தார். மறுமுனையில் கனடாவிலிருந்து அவருடைய பள்ளிக்கூடத் தோழர் செபநாயகம்.

“மச்சான், அஞ்செழுத்துச் சொல். ‘ஓ’வும் இருக்கு, ‘ஏ’யும் இருக்கு. மயிலிட்டித் துறையிலை நிண்டு பார்த்தால் கண்ணுக்கெட்டின மட்டும் அதுதான்.”

“கடலோ? சீ, அது இங்கிலீசிலை மூண்டெழுத்தெல்லோ?”

“அதைவிடப் பெரிசடா!”

“பெரிய கடலோ?” செபநாயகம் இழுத்தார். “பிடிபடுகுதில்லை மச்சான்.”

“ஓஷன், மடையா! ஓஷன்!”

போனை வைத்தபோது குகதாசனின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குறூப்பில் இருக்கிறார்கள். அங்கே இப்போது இந்த விளையாட்டுத்தான். நாளுக்கொரு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல். ஆறு தரத்துக்குள் பிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் கட்டம் பச்சை, இடம் மட்டும் பிழையென்றால் மஞ்சள்.

உலகம் முழுவதற்கும் அன்றைக்கு அதே சொல்தான். ஆனால் குகதாசனின் ஊரான அளவெட்டியில் விடிந்து கனநேரம் கழித்துத்தான் கனடாவில் அந்த நாள் பிறக்கும். அதுதான் குகதாசனுக்கு வசதி. காலையிலேயே சொல்லைப் பிடித்துவிடுவார். பின்னேரம் நாலு மணிக்கு, செபநாயகம் நித்திரையால் எழும்புகிற நேரம் பார்த்து, விடையைச் சொல்லிவிடுவார்.

கொஞ்சநேரத்தில் செபநாயகத்தின் பச்சைக் கட்டங்கள் குறூப்பில் வந்து விழும். “ரெண்டாந் தரத்திலையே முடிச்சிட்டான்! என்ன மூளையப்பா!” என்று லண்டனும் மெல்பேணும் வாயைப் பிளக்கும்.

“படிச்ச மனுசர் செய்யிற வேலையோ இது?” உதயகலா விடவில்லை.

“அவனுக்கு ஞாபகம் போகுதாம். சொல்லுகள் வருகுதில்லையாம். இங்கிலீசிலை முதலாம் பிள்ளையா வந்தவன், குறூப்பிலை தோத்தால் வெக்கமெண்டு என்னட்டை அழுதவன். விடுமன், பாவம்.”

பொய்யென்றால் எரிந்து விழுகிறவள் உதயகலா. ஆனாலும் அதற்கு மேலே வாய் திறக்கமாட்டாள். மோட்டச்சைக்கிள் விபத்தில் மகன் சுபாஸ்கரன் போன பிறகு, அவனுடைய அறைக்குள் போய் மாதக்கணக்காய்க் கதவைப் பூட்டிக்கொண்ட மனுசன் இவர். இப்போது நாலு மணிக்காவது ஆள் வெளியே வந்து கதைக்கிறாரே என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

மகன் போய் ஒரு வருசமாகி, ஆட்டைத் திவசம் வந்தது. காலையில் கீரிமலையில் முழுகி, வீட்டில் படைத்து, வந்தவர்களைச் சாப்பிட வைத்து அனுப்பும்வரை குகதாசன் நிமிர்ந்துதான் நின்றார். கடைசி ஆளும் படலையைத் தாண்டியதும், மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. திரும்பவும் அந்த மாதங்களைத் தாங்க உதயகலாவால் ஏலாது.

நாலு மணியும் தாண்டியது. கதவைத் தட்டினாள்.

“இஞ்சருங்கோ, செபம் அண்ணைக்கு எடுக்கேல்லையோ?”

“எனக்கு ஏலாது. நீர் எடுத்துச் சொல்லிவிடும்.” குரல் உடைந்திருந்தது. “இண்டைக்கு ‘மாங்கோ’. அவன் குறூப்பிலை மானங்கெட்டுப் போவான்.”

களவென்று ஏசியவளே போனை எடுத்தாள். செபநாயகத்தின் மனைவி பியாட்றிஸ்தான் கதைத்தாள்.

“அவர் இவ்வளவு நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருந்திட்டு இப்பத்தான் குளிக்கப் போனவர், உதயா. திவச நாள், தானா எடுக்கவும் யோசினை.”

“அப்ப நீங்கள் சொல்லிவிடுங்கோ அக்கா. இண்டைய சொல் மாங்கோவாம்.”

பியாட்றிஸ் குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்கு ஏன் உதயா சொல்லவேணும்? இரவு பன்னிரண்டு அடிச்ச கையோடை ரெண்டாந் தரத்திலை பிடிச்சிட்டார். எந்த எழுத்தைக் குடுத்தாலும் மளமளவெண்டு சொல்லுகளை அடுக்குவார். அவருக்கு ஒரு ஞாபகமும் போகேல்லை.”

“அப்ப ஒவ்வொரு நாளும்?”

“உம்மடை மனுசன் எடுக்கும் மட்டும் குறூப்பிலை போடமாட்டார். இண்டைக்கு எப்பிடித் தடுமாறிக் காட்டலாமெண்டு விடியவெள்ளனத் தேத்தண்ணியோடை இருந்து யோசிப்பார். மனுசன் அறையை விட்டு வெளியிலை வாறாரில்லையெண்டு நீர்தானே எனக்கு அழுதனீர்? அதைக் கேட்ட அண்டைக்குத் தொடங்கினவர். தயவுசெய்து காட்டிக்குடுத்திடாதையும்.”

உதயகலா போனைக் காதில் வைத்தபடியே கதிரையில் இருந்துவிட்டாள். வகுப்பிலேயே கெட்டிக்காரர், கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, ஒரு தோழனை எழுப்பி நிறுத்துவதற்காக நாள் தவறாமல் ‘மடையா’ என்று ஏச்சு வாங்குகிறார். இப்படியும் மனுசர் இருக்கிறார்களா? அவளுக்கு அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

எழும்பிப் போய்க் கதவைத் தட்டினாள்.

“சொல்லியாச்சோ?” என்றது உள்ளே இருந்த குரல்.

“சொன்னனான். செபம் அண்ணைக்கு ஒண்டும் விளங்கேல்லை. எந்த எழுத்தை எங்கை போடுறதெண்டு தெரியாமல் தடுமாறுறார், பாவம். நீங்கள் வந்தால்தானாம் சரிவரும்.” பொய் தடங்கலில்லாமல் வந்தது.

அவள் கதவில் காதை வைத்தாள்.

கொண்டி விலகியது.

“கறுத்தக்கொழும்பான் மாம்பழம் திண்டு வளந்தவனுக்கு மாங்கோ தெரியாதாம்! மடையன்!” சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார் குகதாசன். “கொண்டாரும் போனை.”